குதிரைப் படத்தைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இருவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரி வர வேண்டும், இத்தனை வருஷமாக அப்படி எழுதித்தான் பழக்கம், இந்தத் தடவை அந்த வரியைத் தாண்டிப் போகிறேன், படித்துக்கொண்டே வா, ஏன் என்று தெரியும். உன் அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியாகிவிட்டது, ஆனாலும் பழையதைத்தான் மாட்டிக்கொள்கிறாள், புதியதில் வீட்டுத் தூசியெல்லாம் கண்ணில் படுகிறதாம், அதைத் துடைக்க யாரால் ஆகும் என்கிறாள். உன் அண்ணனுக்கு ஆபீஸில் வேறு பிரிவுக்கு மாற்றல், முகம் இருண்டுபோய்த்தான் வீட்டுக்கு வருகிறான், அதற்கு ஆபீஸ் மட்டும் காரணமில்லை. மார்மேல் ஒரு தட்டை வைத்து அதில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன், எழுத்து மலையேறுகிற மாதிரி மேலே மேலே போனால் மன்னித்துக்கொள். எழுதி முடித்ததும் அண்ணி போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவாள், அனுப்புமுன் படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், படிக்கட்டும்.

அண்ணியிடம் நீ ஃபோனில் கேட்டாய் அல்லவா, அந்தக் குதிரைப் படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா, பெரியவன் நச்சரிக்கிறான், அவன் பார்த்தால் சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள் என்று. அதற்கு அவள், தாராளமாகக் காட்டு, அடிதடி இல்லை, ரத்தம் இல்லை, என் மகள் வண்டுவே சமத்தாகப் பார்த்தாள் என்றாள். அதை நான் கட்டிலில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு இங்கே ஒன்று நடந்தது, அதை உனக்குச் சொல்ல இந்த வீட்டில் வேறு யாருக்கும் வாய் வராது, அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் என் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குச் சுளுக்கு என்றுதானே உன் அண்ணன் சொன்னான், சுளுக்கு இல்லையம்மா, இடுப்போடு தொடை சேருகிற இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. வேலை பார்த்த காலமெல்லாம் பத்து மாடி உயரத்தில் லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவியவன், ஒரு நாள் கால் பிசகியதில்லை, கடைசியில் பால்கனியில் துணி கிளிப்பை எடுக்கக் குனிந்து ஈரத் தரையில் விழுந்தேன், என் கூட வேலை பார்த்தவர்கள் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள், பெரிய டாக்டர் உன் அண்ணனை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசினார், திரும்பி வந்தவன் வீட்டுக்குப் போகலாம்ப்பா என்றான். காலின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து இந்த அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு கிளினிக் டாக்டர் ஒரு பையோடு வந்து வலிக்கு ஊசி போட்டுவிட்டுப் போவார். வராந்தாவில் என்ன பேசினார்கள் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

படம் பார்த்தது நான் விழுவதற்கு முன்னால், ஒரு விடுமுறை நாளில், வெளியே மழை பிடித்துக்கொண்டதால். நானும் வண்டுவும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து பார்த்தோம், பாதிப் படத்தில் நான் குறட்டை விட்டேன் என்று அவள் சொல்கிறாள், இருக்கும். ஒரு சின்னப் பெண், அவள் வளர்க்கிற பெண் குதிரை, பந்தயம், கண்ணுக்குக் குளிர்ச்சியான புல்வெளி, நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள், தமிழில் பேசவும் வைத்திருக்கிறார்கள். குதிரை பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொள்கிறது, மாட்டு டாக்டர் பையோடு வருகிறார், இனிமே இவளக் கஷ்டப்படுத்த வேணாம், நிம்மதியா போகட்டும் என்று அந்தப் பெண்ணின் அப்பா அழுதுகொண்டே சொல்லிவிட்டு மகளை வீட்டுக்குள் போகச் சொல்கிறார். டாக்டர் லாயத்துக்குள் போகிறார், கதவைச் சாத்துகிறார்கள், அவ்வளவுதான், ஒரு சத்தம்கூடக் கிடையாது, அடுத்த நிமிஷம் பச்சைப் புல்லில் புதுக் குட்டி ஒன்று துள்ளி ஓடுகிறது, பாட்டு வருகிறது. வண்டு அழவில்லை, கதவை ஏன் சாத்தினார்கள் என்று மட்டும் கேட்டாள். குதிரை தூங்கப் போகிறது, வெளிச்சம் பட்டால் தூக்கம் வராது என்று அண்ணி சொன்னாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, முன்பல் இரண்டும் விழுந்து நிற்கிறவள், சரி என்று தலையாட்டினாள், நாங்களும் அத்தோடு விட்டுவிட்டோம்.

நான் விழுந்து வந்த அன்றே அவள் பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு இந்த அறைக்கு வந்துவிட்டாள். வீட்டுப் பாடம் இங்கே, விளையாட்டு இங்கே, சாப்பாட்டுத் தட்டும் இங்கே, தாத்தா மேல் உயிர் என்று உன் அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அறைக் கதவை மூடவே விடமாட்டாள், தன் ஷூ ஒன்றைக் கதவிடுக்கில் சொருகி வைத்திருப்பாள், யாராவது எடுத்தால் திரும்ப வைப்பாள். எனக்கும் முதலில் விளையாட்டாகத்தான் தோன்றியது. பிறகு ஒன்றைக் கவனித்தேன், அவள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் வந்தாலும் ஓடிவந்து போர்வையை இழுத்து என் காலை மூடுவாள். என்னைப் பார்க்க வந்த மாடி வீட்டம்மா கால் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு நான் வாயைத் திறக்குமுன், தாத்தா நேத்து நடந்தார் என்று சொன்னாள், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னாள். அந்தம்மா போனதும், ஏன்டி பொய் சொன்னாய் என்றேன், அவள் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் கையைப் பிடித்து இழுத்து, தாத்தா ஒரே ஒரு தடவ நில்லு, நான் பிடிச்சுக்கறேன் என்பாள். முடியாதும்மா என்றால் அந்த முகம் போகிற போக்கை உனக்கு எப்படி எழுதுவேன், பிள்ளை முகத்தில் அப்படி ஒரு கணக்கு ஓடி நான் பார்த்ததில்லை.

நீ ஃபோன் பண்ணியதற்கு மறுநாள் மதியம் உன் மாமா வந்திருந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்துக் கூடத்தில் உட்கார்ந்து உன் அண்ணனும் அண்ணியும் மாமாவும் பேசினார்கள், உன் அம்மாவும் இருந்தாள். கதவுதான் ஷூ புண்ணியத்தில் திறந்தே கிடக்கிறதே, எல்லாம் காதில் விழுந்தது. ஆபரேஷன் செய்தால் மயக்க மருந்தை என் இதயம் தாங்குமா என்பது சந்தேகமாம், செய்யாவிட்டால் இதே படுக்கைதான், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல வேண்டியதில்லை, எதுவானாலும் சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று பெரிய டாக்டர் சொல்லியிருக்கிறார். மாமா இந்த வயசில் கத்தி வேண்டாம் என்றார். உன் அம்மா, இதை அவர்கிட்ட யார் சொல்றது என்று கேட்டாள். பிறகு உன் அண்ணன் அழுதுகொண்டே, "அப்பாவ இனிமே கஷ்டப்படுத்த வேணாம், நிம்மதியா போகட்டும்" என்றான். என் கட்டிலுக்குக் கீழே கிரேயான் உரசிக்கொண்டிருந்த சத்தம் அப்போது நின்றது. வண்டு அங்கேதான் படம் வரைந்துகொண்டிருந்தாள். நான் குனிந்து பார்க்க முடியாதவன், அவளும் வெளியே வரவில்லை, இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தோம்.

அடுத்த நாள் காலை டாக்டர் வந்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார், வண்டு நீ கொஞ்சம் வெளியே போம்மா, தாத்தாவுக்கு ஊசி போடணும் என்று உன் அண்ணன் அறைக்கு வெளியே நின்று சொன்னான். அவள் பையைத் தூக்க முடியாமல் தூக்கி வெளியே வைத்தாள், ஷூவை எடுத்தாள், வெளியே போகிறாள் என்று நினைத்தான் உன் அண்ணன், அவள் உள்ளே வந்து கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள். வெளியிலிருந்து கெஞ்சினார்கள், அதட்டினார்கள், அண்ணி அழுதாள், இவள் அசையவில்லை. எனக்கானால் முந்தின ஊசியின் வேகம் இறங்கி வலி ஏறிக்கொண்டே வருகிறது, வேர்த்துக் கொட்டுகிறது, மருந்து கதவுக்கு அந்தப் பக்கம். கதவைத் திறடா கண்ணு, தாத்தாவுக்கு வலிக்கிறது என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கால் ஒடிஞ்சா டாக்டர் வந்து கதவச் சாத்துவார் தாத்தா. அந்தக் குதிரை தூங்கல, எனக்குத் தெரியும். அப்பாவும் நேத்து அதையேதான் சொன்னார்." அது வெறும் சினிமா, அதெல்லாம் நிஜமில்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். முந்தின நாள் அவன் சொன்னதை நானும்தானே காதால் கேட்டேன், அவளிடம் எதைப் பொய் என்று சொல்வது. நான் நிறுத்திக்கொண்டதை அவள் கவனித்துவிட்டுக் கேட்டாள், "அந்தக் குதிரைய யாராவது கேட்டாங்களா தாத்தா?" கேட்கலடா என்றேன். "உன்னை?" என்றாள்.

என்னையும் யாரும் கேட்கலை என்று வெளியில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படிச் சத்தமாகச் சொன்னேன். வெளியே குழாயில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை யாரோ நிறுத்தினார்கள். அப்பா, நேத்து நீங்க முழிச்சிருந்தீங்களா என்று உன் அண்ணன் கேட்டான், குரல் சின்னப் பையன் குரலாகிவிட்டது. முழித்துத்தான் இருந்தேன், எனக்கு ஆபரேஷன் செய்யுங்கள், தாங்கினால் தாங்கட்டும், தாங்காவிட்டால் அது நான் கேட்டு வாங்கினது, உங்கள் தலையில் வராது என்றேன். வண்டு எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தவள், டாக்டரின் பையைத் திறந்து காட்டினால்தான் விடுவேன் என்றாள். அந்த மனுஷன் பொறுமைசாலி, தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்து இது இதற்கு, அது அதற்கு என்று அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான் எனக்கு ஊசி போட்டார். கதவு திறந்தே இருந்தது. உன் அம்மா வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

உன் அண்ணன் மேல் கோபப்படாதே. பாசம் இல்லாமல் அவன் அதைச் சொல்லவில்லை, படத்தில் அந்த அப்பாவும் அழுதுகொண்டேதான் சொன்னார். ஃபோனில் கத்தாதே, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவனோடு பேசாமல் இருக்காதே. படத்தைக் காட்டலாமா என்றால், காட்டு, ஆனால் அடுப்படி வேலையை வைத்துக்கொண்டு பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துவிட்டுப் போகாதே. சின்னவளுக்கு இன்னும் இரண்டு வருஷம் போகட்டும். பெரியவன் கதவுக்குப் பின்னால் என்ன ஆச்சு என்று கேட்டால் குதிரை செத்துப்போச்சு என்று சொல், அழுதால் மடியில் போட்டுக்கொள், தூங்குகிறது என்று மட்டும் சொல்லிவைக்காதே. அந்த ஒரு பொய்யை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளை இத்தனை நாளாக இந்த வீட்டில் தனியாகக் காவல் காத்திருக்கிறாள், எங்களுக்கு உறைக்கவே இல்லை.

நாளை மறுநாள் காலை ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்துவார்கள், மருந்து கொடுத்து என்னைத் தூங்கவும் வைப்பார்கள், இதை அவளிடம் யார் சொல்வது என்று மறுபடியும் ஆளாளுக்கு முகத்தைப் பார்த்தார்கள், நானே இன்றைக்குக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். முழிச்சுக்குவியா என்று கேட்டாள். தெரியலடா, முழிச்சுக்கணும்னுதான் தாத்தாவுக்கு ஆசை என்றேன். நீதானே கேட்ட என்றாள், ஆமாம், நான்தான் கேட்டேன் என்றேன். அவள் ரொம்ப நேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு முதல் தடவையாக முகத்தைப் பார்த்தாள், கதவுக்கு வெளியே நானும் நிப்பேன் என்றாள். சின்னப் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்களாம், உன் அண்ணனை எப்படியாவது கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல், பிள்ளைகள் இருவரையும் கட்டிப் பிடித்து என் பங்குக்கு ஒரு முத்தம் கொடு. நீங்கள் நாலு பேரும் நீடூழி நன்றாக இருக்க அப்பாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, அது எங்கேயும் போகாது. ஆபரேஷன் அன்றைக்கு நீ ஃபோன் பண்ணினால் பெரியவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஃபோனை வண்டுவிடம் கொடுக்கச் சொல்லிக் கேள், அவள் உள்ளதைச் சொல்வாள்.

இப்படிக்கு,
உன் அப்பா