அடுப்பு மூட்டாத ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

தமிழிலும் மலையாளத்திலும் எத்தனையோ படம் நடித்துவிட்டாய். உனக்குத் தேசிய விருது வாங்கித் தந்த படத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் டிவியில் போட்டார்கள். சுருளிப்பட்டியே வீட்டுக்குள் இருந்து பார்த்தது. திராட்சைக்கு மருந்தடிக்கக்கூட ஆள் வரவில்லை.

நான் தோட்டத்திலிருந்து திரும்புவதற்குள் அம்மாவும் பார்த்துவிட்டாள். கடைசியில் நீ சாகிற இடம் வந்ததும் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டாள். துஷ்டி வீட்டில் உலை வைக்கக் கூடாதாம். பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் சாவு வீட்டு வழக்கப்படி சோறு கொண்டுவந்தாள். அவளும் என்னதான் செய்வாள்?

உன்னைப் போனில் காட்டலாம் என்று எடுத்தேன், பிறகு வைத்துவிட்டேன். போன மாதம் நீ நேரில் வந்து அம்மா மடியில் படுத்தபோதே உன் தலையைத் தடவி என்ன சொன்னாள்? "எம்மக சாயலாவே இருக்க ஆத்தா. நீயாச்சும் நல்லா இரு." நீ சிரித்தாய். காரில் ஏறிய பிறகு அழுதாய் என்று டிரைவர் சொன்னார்.

மதுரை டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். மறதி இனிக் கூடத்தான் செய்யுமாம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்க்காரவுக எல்லாம் அழுறாக. பெத்த தகப்பன் நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே!" அவளைச் சமாதானப்படுத்தத் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுவதுபோல் நடித்தேன்.

டைரக்டர் 'கட்' சொன்னதும் உன் அழுகை நின்றுவிடும் என்று பேட்டியில் சொல்லியிருந்தாய். அதை எப்படிச் செய்கிறாய் என்று எனக்கு எழுது. என்னால் நிறுத்த முடியவில்லை.

உன் அப்பா