பறிமுதலான ஜின் பாட்டிலைத் திறக்கும்போது உடனிருக்க அனுமதி

அனுப்புநர்
மா. இளம்பரிதி, பி.டெக். (வேதிப் பொறியியல்),
நல்லம்பள்ளி, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உதவி ஆணையர் (கலால்) அவர்கள்,
தருமபுரி.

பொருள்: பறிமுதல் செய்யப்பட்ட ஒரு பாட்டில் ஜின் – அழிக்கும் முன் திறக்கையில் நானும் என் மாமியாரும் உடனிருக்க அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. நான் பெங்களூரில் ஜின் தயாரிக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் வடிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். என் மனைவி கோகிலா வத்தல்மலையைச் சேர்ந்தவர். காட்டில் தானாக விளையும் மாகாளிக்கிழங்கையும் காட்டு எலுமிச்சைத் தோலையும் ஜின்னில் சேர்க்கலாம் என்று சொன்னவர் அவர்தான். கிழங்கில் மூட்டைப்பூச்சி வாடை அடிப்பதாகக் கம்பெனியில் சிரித்தார்கள். "நெழல்ல காய வெச்சுப் பாருங்க, அப்புறம் சிரிங்க" என்றார் கோகிலா. காய்ந்ததும் வாடை போனது. அவர் சொன்ன பக்குவத்தில் வடித்தது விற்பனைக்கும் வந்தது.

2. சென்ற ஆண்டு ஆவணியில் கோகிலா காய்ச்சலில் இறந்துவிட்டார். இப்போது கம்பெனி வியாபாரியிடம் கிழங்கு வாங்குகிறது. வாசனை அதுவாக இல்லை. அவர் தோண்டிக் காயவைத்த கிழங்கில் வடித்ததில் மிச்சம் இருப்பது, மாதிரிக்காக எடுத்துவைத்த, லேபிள் ஒட்டாத அந்த ஒரு பாட்டில்தான்.

3. வருடப் படையலுக்கு, "அவ செஞ்சத அவளுக்கு வெக்காம வேற எத வெக்கறது மாப்ள" என்று மாமியார் சின்னக்கா கேட்டார். எடுத்து வந்தேன். வெளிமாநில மது கொண்டுவரக் கூடாது என்று தெரியும். தெரிந்தே கொண்டுவந்தேன். வழியில் வாகனச் சோதனையில் பாட்டிலைப் பறிமுதல் செய்தார்கள். காரணம் சொன்னபோது காவலர் ஒருவர், "பொண்டாட்டிக்குப் படைக்கறதுக்குச் சரக்குங்களா? இந்தக் கதைய இப்பத்தான் கேக்கறம்" என்றார். நானும் அதற்கு முன் கேட்டதில்லை. அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

4. படையல் முடிந்துவிட்டது. இலையில் காலி டம்ளர் வைத்தோம். எனவே பாட்டிலைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை.

5. மூடியைத் திறந்தவுடன் எலுமிச்சை வாசம் முதலில் போகும். பிறகுதான் கிழங்கின் வாசம் வரும். அதுவும் திறந்த இடத்தில் நிற்காது. என் மாமியார் இதை ஒருமுறைகூட முகர்ந்ததில்லை. மகள் சாராயக் கம்பெனிக்குக் கிழங்கு தோண்டினாள் என்று ஊரில் பேசுவது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஆகவே, பாட்டிலைத் திறக்கும் நாளை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன். மாமியார் மலையிலிருந்து இறங்கி வர வேண்டும். திறந்ததும் முதலில் அவர் கையில் தரவும். அவர் முகர்ந்த பிறகு என்னிடம் தரவும். அதன்பின் விதிப்படி கீழே ஊற்றிவிடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

இடம்: நல்லம்பள்ளி
நாள்: 22.09.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
மா. இளம்பரிதி