கோல் கம்பத்துக்குக் கட்டிய காப்பு

என் பச்சையம்மா அண்ணிக்கு,

தெரிந்து கட்டினாயா, தெரியாமல் கட்டினாயா? பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியாது. நீ இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "போம்மே, வேற வேலை இல்ல உனக்கு" என்று எழுந்து போயிருப்பாய்.

நீ போய் இந்தத் தையோடு ஒரு வருஷம். இந்த வைகாசியில் பசங்கள் பக்கத்து ஊரான பெருநகரின் ஆட்டக்காரர்களோடு வழக்கம்போல ஆடினார்கள். உன் பேரில் ஒரு கோப்பை வைத்தார்கள். வெங்கலம் மாதிரி இருக்கிறது, வெங்கலம் இல்லை. நாம்தான் ஜெயித்தோம், மூன்றுக்கு இரண்டு. அதில் ஒன்று அவர்கள் ஆளே தவறிப்போய்த் தன் கம்பத்துக்குள் அடித்துக்கொண்டது. உனக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருக்கும் என்று தோன்றியது.

என்னை நீ "எம்மே" என்றுதான் கூப்பிடுவாய். நம்ம பக்கத்தில் எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம். ஆனால் வீட்டில் எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்தி. நீ சும்மா கூப்பிடுகிறாயா, பட்டத்தைச் சொல்லிக் கிண்டல் செய்கிறாயா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. வயதில் எனக்கு இளையவள், முறையில் அண்ணி. காஞ்சிபுரத்தில் சரித்திரம் நடத்திவிட்டு சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினால், அந்த வாரத்து ஆட்டத்தை நீ அடுப்படியில் நின்றுகொண்டே நடத்திக் காட்டுவாய். கரண்டிதான் பந்து.

எனக்குப் பந்தாட்டத்தில் ஈடுபாடு கிடையாது. இருபத்திரண்டு பேர் ஒன்றின் பின்னால் ஓடுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்தவள். உன்னைப் பார்க்கத்தான், ஆட்டம் நடக்கிற ஊர்ப் பொது இடமான மந்தைவெளிக்கு வந்தேன். அரிசி மில்லில் உன்னோடு நெல் துழாவிவிட்டு வரும் பெண்களை வரப்பில் வரிசையாக உட்கார வைத்து, தலைமுழுக்கத் தவிட்டுத் தூசியோடு நீ போடுகிற சத்தம் உத்திரமேரூர் ரோடு வரைக்கும் கேட்கும்.

"டேய், பந்து அங்க கீது. நீ இன்னாடா இங்க பாத்துக்கினு கீற? உன் மாமியா வந்துகீறாளா?"

அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. ஆனாலும் ஓடுவான்.

அந்த மந்தைவெளிதான் போக இருந்தது. மில்லுக்கார நைனா புழுங்கல் நெல் காயப்போட சிமெண்டுக் களம் கட்ட வேண்டும் என்று அதைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். யாரும் பயன்படுத்தாத இடம் என்று சொல்லி வாங்கியதாக ஊரில் பேச்சு. திங்கட்கிழமை கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுப்பதாக ஏற்பாடு. இதில் நம் வீட்டுக்கு மட்டும் தனியாக ஒரு வம்பு இருந்தது. அண்ணன் அந்த மில்லில் மேஸ்திரி. முதல் கல்லை நட வேண்டியவர் அவர்.

நான் தாலுகா ஆபீசில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழில் இருந்தது. பதில் வரவில்லை. "நீ எழுதனது எனக்கே புரில எம்மே, அவனுக்கு எங்க புரியப்போவுது" என்றாய். பசங்கள் ஊர்வலம் போகலாம் என்றார்கள். எமர்ஜென்சி நேரம். நாலு பேர் சேர்ந்து நின்றாலே என்ன ஏது என்று கேட்பார்கள். பந்தாட்டத்துக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஓர் ஆட்டம் வைத்து, "மந்தைவெளி எங்களுக்கு வேண்டும்" என்று வேட்டியில் எழுதிக் கட்டுவது என்று முடிவாயிற்று. பெருநகருக்கு ஆள் போனபோது அவர்கள் யோசிக்கவே இல்லையாம். "அந்த எடம் போச்சுன்னா நாங்க யாரைப் போய் ஜெயிக்கிறது?" என்றார்களாம்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் உன்னிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாளைக்கு நீ அங்க போவாத. ரெண்டு பேர் சோறும் அந்த மில்லுல கீது."

"களம் வேணான்னு யாரு சொன்னா? ரோட்டுல லாரிக்கு நடுவுல நெல்லு காயப்போடறது நான்தான? மில்லுக்குப் பின்னாடி எடமா இல்ல அந்த ஆளுக்கு? நீ கல்லு நடு. நான் ஆட்டம் பாக்கறேன். அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாக்கலாம்."

அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு கூட்டம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பெருநகரிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்தார்கள். உத்திரமேரூர் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் விசிலோடு வந்தார். பம்பைக்கார முனுசாமி வழக்கம்போல நம் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, பந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பம்பையை உருட்டிக்கொண்டிருந்தார். பாதி ஆட்டத்தில் நாம் ஒரு கோல் வாங்கியிருந்தோம். கோல் காக்கிற ஏழுமலை முகம் வெளுத்துப்போய் நின்றான்.

இரண்டாவது பாதி தொடங்கும்முன் நீ வரப்பிலிருந்து இறங்கிப் போனாய். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அம்மன் கோயிலுக்கு என்று வைத்திருந்த மஞ்சள் கிழங்கையும் நூலையும் எடுத்தாய். சவுக்குக் கம்பத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாய். "ஏழுமலைக்குக் கை நடுங்குது. கம்பமாவது நிக்கட்டும்." நீ சொன்னதில் என் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

அடுத்தது முனுசாமியின் கை செய்த வேலை. அந்தக் கைக்கு மஞ்சள் நூலில் முடிச்சு விழுவது தெரிந்தால் போதும், ஒன்றைத்தான் செய்யத் தெரியும். வருஷா வருஷம் திருவிழாவுக்குக் காப்புக் கட்டும்போது அடிக்கிற அடியை அது அடித்துவிட்டது. முழுதாக, ஒரு அடி குறையாமல். வரப்பில் இருந்த பெண்கள் பழக்கத்தில் எழுந்து கும்பிட்டுவிட்டார்கள். யாரோ கற்பூரமும் ஏற்றிவிட்டார்கள். பிறகுதான் முனுசாமிக்கு உறைத்தது.

"ஐயையோ, இன்னா பண்ணிட்டேன் நான்."

"இன்னா பண்ணிட்ட? காப்பு கட்டிட்ட" என்று வரப்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

வெளியூர்க்காரர்கள் படிப்பார்கள் என்பதால் இதைச் சொல்கிறேன், உனக்காக இல்லை. நம் ஊரில் காப்புக் கட்டிவிட்டால், அது எதற்காகக் கட்டப்பட்டதோ அது முடிந்து காப்பு இறங்கும்வரை, யாரும் மண்ணில் கடப்பாரை போடக்கூடாது. இன்னொன்றும் உண்டு. கட்டும்போது எல்லைக்குள் இருந்தவர் எவரும் வெளியூரில் இரவு தங்கக்கூடாது.

பெருநகர் கேப்டன்தான் முதலில் கணக்குப் போட்டான். "அப்ப நாங்க எப்பிடி வூட்டுக்குப் போறது?"

"ஆட்டம் முடிஞ்சா காப்பு எறங்கிடும், போலாம்" என்றாய்.

அவர்களும் இன்னும் கோல் போட்டு ஜெயித்து முடிக்கத்தான் பார்த்தார்கள். ஆனால் ஏழுமலைக்கு எங்கிருந்தோ உயிர் வந்துவிட்டது. நெஞ்சால், முழங்காலால், ஒரு தடவை முகத்தாலும் தடுத்தான். பொழுது சாயும் நேரத்தில் நாம் ஒன்று போட்டோம். ஒன்றுக்கு ஒன்று. டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தார். நீ போய் முன்னால் நின்றாய்.

"யாரு சார் ஜெயிச்சாங்க?"

"யாரும் ஜெயிக்கலைம்மா. டிரா."

"யாரும் ஜெயிக்காத ஆட்டம் எப்பிடி சார் முடிஞ்ச ஆட்டமாவும்?"

படித்தவர் அவர். விதிகள் தெரிந்தவர். ஆனால் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "மிச்சம் காலையில" என்றார். அவரும் எல்லைக்குள் இருந்தவர்தானே.

இப்படித்தான் பெருநகர் ஊரில் பாதி நம் ஊரில் சாப்பிட உட்கார்ந்தது. நம் வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். அண்ணன்தான் பரிமாறினார். அதில் ஒருவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எங்க மேல கோல் போட்டவன் நீதான?"

"ஆமாண்ணே."

"இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்க."

நீ அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்குச் சாமியும் கிடையாது, காப்பும் கிடையாது. மறுநாள் முதல் பீரியடே எனக்கு வகுப்பு. கடைசி பஸ்ஸில் ஏறியிருக்கலாம், ஏறவில்லை. காலையில் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "இன்னா எம்மே, பஸ்ஸு வுட்டுட்டியா?" என்று மட்டும் நீ கேட்டாய்.

நீ போன பிறகு இந்தக் கதை வளர்ந்துகொண்டே போகிறது, அண்ணி. இந்த வைகாசியில் வரப்பில் உட்கார்ந்து கேட்டேன். அம்மன் மில்லுக்காரர் கனவில் வந்து கன்னத்தில் அறைந்தாள் என்கிறான் ஒருவன். குத்திய கடப்பாரை வளைந்துபோயிற்று என்கிறான் இன்னொருவன். ஏழுமலைக்கு இப்போது தொந்தி. உன் இடத்தில் உட்கார்ந்து சத்தம் போடுகிறவன் அவன்தான். லாரி என்ஜின் தானாக நின்றது என்று அவனே சொல்கிறான், அன்றைக்கு அங்கே இருந்தவன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள் என்றால் அந்த மனிதர்கள் எதற்கு அங்கே நின்றார்கள்? நீ எதற்கு நின்றாய்?

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். நான் இருக்கிறவரை யார் கேட்டாலும் அந்தத் திங்கட்கிழமை நடந்ததை நடந்தபடி சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். முதல் தடவையாக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

காலையில் கல்லுக்கால்களோடு லாரி வந்தது. அண்ணனும் ஆறேழு கூலிக்காரர்களும் கடப்பாரையோடு இறங்கினார்கள். மைதானத்தில் யாரும் கோஷம் போடவில்லை. பெருநகர்க்காரர்கள் கோடு நெடுக உட்கார்ந்து வேப்பங்குச்சியால் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மில்லுப் பெண்கள் வேலைக்குப் போகாமல் வரப்பில் இருந்தார்கள். கூலிக்காரர்கள் கம்பத்து நூலைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் கடப்பாரையைத் தோளில் வைத்தபடி அப்படியே நின்றார்.

மில்லுக்கார நைனா ஸ்கூட்டரில் வந்தார். "இன்னாடா பாத்துக்கினு நிக்கறீங்க?"

"காப்பு கீது நைனா" என்றார் அண்ணன்.

"பந்தாடற கம்பத்துக்கு இன்னாடா காப்பு?"

"கட்டியாச்சு. பம்பையும் அடிச்சாச்சு. நான் நட மாட்டேன்னு சொல்லல. மொதக் குத்து நீங்க குத்துங்க. பின்னால நாங்க குத்தறோம்."

சொல்லிக் கடப்பாரையை நீட்டினார். நைனா அதை வாங்கினார். வாங்கிக்கொண்டு நின்றார். அவரும் நம் ஊரில் பிறந்தவர்தான். கம்பத்தைப் பார்த்தார், வரப்பைப் பார்த்தார்.

"நீங்கல்லாம் இங்க இன்னா பண்றீங்க? தொட்டியில ஊறப்போட்ட நெல்லு நாறிக்கினு கீது. யாரு அவிக்கறது?"

"ஆட்டம் முடியட்டும், வரோம்" என்றாய் நீ. அன்று காலை நீ பேசிய முதல் பேச்சு அதுதான்.

"எப்ப முடியும்?"

"கல்லு லாரி இங்க நிக்கறவரைக்கும் எப்பிடி நைனா ஆடறது?"

அவர் கடப்பாரையைக் கை மாற்றிப் பிடித்தார். பயமா, நெல்லா, அத்தனை கண்களா, எனக்குத் தெரியாது. கடப்பாரையைத் திருப்பி அண்ணன் கையில் கொடுத்தார். "களத்த மில்லுக்குப் பின்னாடி போட்டுக்கறேன். இங்க கல்லு நட மாட்டேன். போதுமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி, கம்பத்தைப் பார்த்தே சொன்னார். லாரியைத் திருப்பச் சொன்னார். திரும்பும்போது பின்சக்கரம் மணலில் புதைந்தது. இரண்டு ஊர் ஆட்டக்காரர்களும் சேர்ந்து தள்ளிவிட்டார்கள்.

டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். கொஞ்ச நேரத்தில் பெருநகர்க்காரன், நம் வீட்டில் சாப்பிட்டவன், ஒரு கோல் போட்டான். இரண்டுக்கு ஒன்று. நாம் தோற்றோம். தோற்ற ஊர் ஜெயித்த ஊரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ போய் முடிச்சை அவிழ்த்தாய். பிறகு நெல் அவிக்கப் பெண்களைக் கூட்டிக்கொண்டு மில்லுக்கு நடந்தாய். ரோடு திரும்பும்வரை திரும்பித் திரும்பி டிரில் மாஸ்டரைத் திட்டிக்கொண்டே போனாய்: "அது கோலே இல்ல சார். ஆஃப்சைடு."

உன் நாத்தனார்,
சரோஜா