குடிலுக்குள்ள கோழி

ஜெசீகா அப்பா,

கேக்குக்குச் சாமான் வாங்க பண்டாரவளைக்குப் போறேன். ரொட்டியும் சம்பலும் மூடி வச்சிருக்கு.

சாயங்காலம் ஃபாதர் குடில் போட்டி பார்க்க வர்றாரு. "போன நத்தார் உங்க வீட்டுல எப்படி இருந்துச்சோ, அதையே குடிலா செய்யுங்க"ன்னு அவர் சொன்னாருதான். அதுக்காக, நத்தார் மரத்துக்குச் சைப்ரஸ் கொப்பு கேட்டதுக்கு நீங்க வாழைமரம் கொண்டு வந்து, நாம சண்டை போட்டதையா செய்வீங்க? மாதா இருக்க வேண்டிய எடத்துல மண்பொம்மையா நான், வாயைப் பொளந்துக்கிட்டு!

குடில்ல பரப்பின மானாப்புல்லுக்குள்ள நம்ம செவலைக் கோழி உக்காந்திருக்கு. குழந்தை யேசுவை முட்டைன்னு நெனச்சு அடைகாக்குது. எடுக்கப் போய்க் கொத்து வாங்கிட்டேன். ஃபாதர் கேட்டா, குழந்தைக்குக் குளிருதுன்னு சொல்லுங்க.

எனக்குக் கோவம் இன்னும் போகல.

கொரட்டி

மறந்துட்டேன்: என் பொம்மையோட வாயை மண் வச்சு அடைச்சுப் பார்த்தேன். வேற யாரோ பொம்பள மாதிரி இருந்துச்சு. திரும்பத் தோண்டிட்டேன்.

இன்னொண்ணு: உங்க பொம்மைக்கு நீங்க காதே வைக்கல. ரெண்டு செஞ்சு ஒட்டியிருக்கேன். இன்னும் காயல, தொட்டுறாதீங்க.