எலுமிச்சம்பழம் கட்டிய குழாய்

அடியே,

காலையிலிருந்து என் வலது காதெல்லாம் ரப்பர் வாசனை. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை. போக வேண்டாம் என்றுதான் இருக்கிறது. உன் வண்டியின் என்ஜின் லைட்டை அணைத்துவிட்டேன்! நானே!

நீ கண்ணை மூடிய பிறகு பள்ளி வேனை நான்தான் ஓட்டுகிறேன். பின்சீட்டில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்த ஆயா ஸ்டியரிங் பிடித்ததைப் பார்த்து விவேக் நகரே சிரித்தது. லைசென்ஸ் எடு, எடு என்று நீ நச்சரித்தது வீண் போகவில்லை.

மூன்று வாரம் முன்பு டேஷ்போர்டில் அந்த மஞ்சள் என்ஜின் லைட் எரிந்தது. சிக்னலில் நின்றால் என்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்கியது. பிரேக்கும் கெட்டியானதும் பிள்ளைகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டேன். மெக்கானிக் கோளாறு காட்டும் ஸ்கேனரை மாட்டினார். பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பிழைக் குறி வந்தது. ஒரு சென்சாரை மாற்றினார். மறுநாளே லைட் திரும்பி வந்தது. "மேடம், வண்டிக்கு வயசாயிடுச்சு. குடுத்துடுங்க" என்றார். உன் வீட்டுக்காரரும் சலித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை பழைய வண்டி எடுப்பவரை வரச் சொல்லிவிட்டார். இன்று சனிக்கிழமை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக உங்கள் வீட்டு வாசலுக்குப் போய் பானெட்டைத் திறந்தேன். சீட்டுக்கு அடியில் உன்னுடைய அந்த ஒரு முழப் பச்சைத் தண்ணீர்க் குழாய் அப்படியே கிடந்தது. ஒரு முனை என்ஜின் பக்கம், மறுமுனை என் காதில், அப்படித்தானே நாம் கோளாறு தேடுவோம். உன் இடது காது மந்தம், வலது காது சுமார். அதனால் சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் நீ காட்டுவாய், நான் கேட்டுச் சொல்வேன். "என் மூள, உன் காது. ரெண்டும் சேந்தா ஒரு மெக்கானிக்" என்பாய். பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு, "ஆன்ட்டி வண்டிக்கு போன் பண்றாங்க!" என்று கத்துவார்கள். "என்ன சொல்லுது ஆன்ட்டி?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "ஹோம்வொர்க் முடிச்சியான்னு கேக்குது" என்று நீ சொன்னாயே, அந்தப் பெண் ஒரு வாரம் முன்சீட்டுப் பக்கமே வரவில்லை.

இன்று மூளையும் நானே ஆக வேண்டியிருந்தது. நீ வாங்கி வைத்திருந்த குட்டி ஸ்கேனரை போனில் இணைத்துப் பார்த்தேன். வண்டி சும்மா நிற்கும்போது என்ஜின் கூடுதலாகக் கேட்கும் பெட்ரோலைக் காட்டும் எண் தாறுமாறாக ஏறியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சாதுவாக இறங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "நிக்கிறப்போ மூச்சு வாங்கி, ஓடுறப்போ சரியாச்சுன்னா, அது திருட்டுக் காத்துடீ. எங்கியோ ஓட்ட வழியா உள்ள பூருது" என்று நீ சொல்வது அப்படியே நினைவுக்கு வந்தது. பிரேக்கும் கெட்டி என்றால் என்ஜினிலிருந்து பிரேக்குக்குப் போகும் காற்றுக் குழாயாகத்தான் இருக்க வேண்டும்! பச்சைக் குழாயை அங்கே கொண்டுபோனேன். உஸ்ஸ்ஸ் என்று காதுக்குள்ளேயே சீறியது.

இப்போது திட்டாதே. ஓட்டை போட்டதும் நான்தான்.

டேஷ்போர்டில் மாதா உன் பங்கு, பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் என் பங்கு என்று பிரித்துக்கொண்டோமே. நீ கண்ணை மூடிய அதே மாதம் ஒரு ஆட்டோ இடித்து என் பங்கு விழுந்துவிட்டது. உனக்கு வந்தது வண்டிக்கும் வந்துவிடக் கூடாதே என்று, இனி யாரும் இடிக்க முடியாதபடி பானெட்டுக்கு உள்ளே கட்டினேன். கம்பி போட்டு, கைக்கு எட்டிய குழாயில், இறுக்கமாக. பழம் காய்ந்து ஆடி ஆடி, கம்பி குழாயின் அடிப்பக்கத்தை அறுத்திருக்கிறது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

டேப் சுற்றும் வேலையெல்லாம் வேண்டாம் என்று சிவாஜிநகருக்கு பஸ் பிடித்துப் போய்ப் புதுக் குழாயே வாங்கிவந்து மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். என்ஜின் ஒரே சீராக நின்றது. பிரேக் மெத்தென்று இறங்கியது. போனிலிருந்தே பிழைக் குறியை அழித்தேன், தெருவை நான்கு சுற்று சுற்றினேன், லைட் வரவில்லை. வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, உன் வழக்கப்படி இரண்டு முறை உறுமவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். டிரைவர் சீட்டைத்தான் முதலில் பார்த்தார். அங்கே நான் இருந்தேன். அந்த நொடியில் அவர் முகம் எப்படி ஆயிற்று என்று உனக்கு எழுத மாட்டேன். பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "நாளைக்கு வர வேணாங்க. வண்டி ஓடுது" என்றார்.

திங்கட்கிழமை பிள்ளைகளை ஏற்றப் போகிறேன். ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாளும் சீட்டை உன் கால் நீளத்துக்கே விட்டு, நுனியில் உட்கார்ந்துதான் ஓட்டினேன். இன்று அதை முன்னால் தள்ளிக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதேடீ.