நிற்காத பம்ப்

கள்ளக்குறிச்சி,
21.9.87

அன்புள்ள பகவதிக்கு,

நான் நலம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டாதே.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தால் இங்கே கடைகள் அடைப்பு. கம்பெனிக் காரின் தண்ணீர் பம்ப் உடைந்ததும் புதிது கிடைக்கவில்லை. பழைய வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய மின்சார பம்பை நானே பொருத்தினேன். இன்ஜின் நின்ற பிறகும் சூடு தணியவேண்டுமே என்று வயரைச் சாவியோடு சேர்க்காமல் நேராக பேட்டரியில் கொடுத்தேன்.

நேற்று தியாகதுருகம் அருகே சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். கூட்டம் காரைச் சூழ்ந்தது. ஒருவர் கையில் மண்ணெண்ணெய் டின். இன்ஜினை நிறுத்தினோம்.

"நீங்க இன்னா ஆளுங்கடா?"

கேட்டது சாதியை. பானெட்டுக்குள் பம்ப் மட்டும் முனகியது.

"உள்ள இன்னாடா சத்தம்?"

"தண்ணி மோட்டாருங்க," என்றார் டிரைவர் பகலவன்.

"காருக்கு மோட்டாரா? உள்ள கெணறு வெட்டி வெச்சிக்கிறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். முதல் கேள்வி மறந்துபோனது. விட்டுவிட்டார்கள்.

கவலைப்பட ஒன்றுமில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இரண்டு வரியாவது உடனே எழுது. தபால்காரர் வரும் நேரமாகிவிட்டது.

நாளையும் அதே சாலைதான். பம்பைச் சாவியோடு இணைத்துவிடலாம் என்கிறார் பகலவன். வேண்டாம் என்றேன். இன்ஜின் நின்றதும் ஒரு சத்தமும் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது.

உன்,
தாணுமாலயன்