விருந்தாளிக்காக நிரப்பிய குழி

இன்று காலை ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போட்டவர் என் கையிலும் கொஞ்சம் சிந்திவிட்டார். துடைக்கத் துணி நீட்டினார். நான் கையை முகர்ந்துகொண்டு நின்றேன். வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அது உன் வீட்டுக் கிணற்று வாசனை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரவணம்பட்டியில் மூடிப்போன பங்க் இடத்தை வீடு கட்ட விலை பேசியதை முதலில் என்னிடம்தான் சொன்னாய். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. பூமிக்கடியில் இருந்த தொட்டிகளைப் பெயர்த்துப் போயிருந்தார்கள். அந்தக் குழி கறுத்து நாறிக் கிடந்தது. டீசல் கசிந்திருந்தால் கிணறு கெடும், மண்ணைச் சோதித்துவிட்டு வாங்கு என்று கெஞ்சினேன். மண் கெட்டிருந்தால் பேச்சை விட்டுவிடலாம் என்று விற்பவரே சொன்னார். ஆய்வுக்கூடத்து ஆளை ஏற்பாடு செய்துவிட்டு நான் வெளியூர் போனேன்.

அவர் வந்தார், குழாய் இறக்கி மண்ணெடுத்தார், உன் வீட்டுக் கச்சாயப் பலகாரம் தின்றார், போனார். மண்ணில் குறையே இல்லை என்று முடிவு வந்தது. பத்திரமும் பதிந்தாயிற்று. அப்புறம்தான் சாவகாசமாக வாயைத் திறந்தாய்.

"அவரு வர்றதுக்கு மொத நாளு ஆனைமலைத் தோட்டத்துச் செம்மண்ணக் கொண்டாந்து குழிய ரொப்பிப்போட்டனப்பா."

"எதுக்கு?"

"பெரிய மனுசரு வர்றாரு. நாத்தத்துலயா நிக்க வெக்கறது?"

சாணி தெளித்துக் கோலமும் போட்டீர்களாம். ஆக, ஆய்வுக்கூடம் நற்சான்று கொடுத்தது உன் ஆனைமலைத் தோட்டத்துக்கு.

மறுபடி மண்ணெடுக்கச் சொல்லிக் கத்தினேன். "போச்சாதுப்பா, வுடு, மண்ணெடுத்த மனுசன் மனசு நோகும்" என்றாய். வீடு எழும்பியது. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தது. "கொஞ்சமா வாசம் வருது" என்றாய். கொஞ்சமாம். அதன் பக்கத்தில் பீடி பற்றவைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் தினமும் காலையில் மொபெட்டில் குடம் கட்டிக்கொண்டு என் வீட்டுக் குழாய்க்கு வந்தாய். குடம் நிறையும்வரை ஊர்வம்பு பேசினோம். அதில் மட்டும் எனக்குக் குறையில்லை. இடையிடையே திட்டுவேன், சிரிப்பாய். சிரிக்கிறவனை எவ்வளவுதான் திட்டுவது? நெஞ்சுவலியில் நீ போனபோதும் நான் திட்டி முடித்திருக்கவில்லை.

உன் மனைவியை நச்சரித்து, மண்ணை மறுபடி சோதிக்கச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அந்த இடத்தில் இருக்கலாமா, வீட்டை விட்டே போகவேண்டுமா என்று தெரிந்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பொறக்கடையில் உன் செம்மண்ணை அள்ளியாயிற்று. கறுப்பு மண் மறுபடி நாறுகிறது. நாளைக்கு ஆள் வருகிறார். காலையில் பெட்ரோல் போட்ட பங்கிலிருந்து நேராக இங்கே, உன் வீட்டுக்கு வந்தேன்.

"ஏனுங்கண்ணா, அவிக வர்றதுக்குள்ள நல்ல மண்ணு கொஞ்சம் கொட்டி மெழுகி வெச்சரட்டுங்களா?" என்று கேட்டார் உன் மனைவி.

"அம்மணி, ஒரு பிடி போடாதீங்க. வெளக்குமாத்தயும் தொடாதீங்க."

"வர்றவிக என்னங்கண்ணா நெனப்பாங்க?"

நீ போய்விட்டாய் என்று யார் சொன்னது?

குழி ஓரம் நாற்காலி போட்டுக் காவல் இருந்தபடி இதை எழுதுகிறேன். நாற்றத்துக்கு மூக்கில் துண்டைக் கட்டியிருக்கிறேன். அடுப்படியில் கச்சாயம் வேகிற சத்தம். காலையில் பங்கில் என்னைப் பார்த்தவர்கள் கையை முகர்ந்ததற்காக மட்டும் பார்க்கவில்லை. ஸ்கூட்டரின் முன்னால், என் இரண்டு காலுக்கும் நடுவே, உன் குடம் தளும்பிக்கொண்டிருந்தது. நீ போனதிலிருந்து அதை நான்தான் கொண்டுவருகிறேன்.